இரட்டைக் கூடு

தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் பின்னால்
நூற்புக் கொட்டகையில் என் இடம்
மேசையின் இடதுகோடி, சுவரோரம்.
பதினோரு வருடமாக.

"நொட்டாங்கைக்காரிய நடுவுல போட்டா
பக்கத்துல இருக்கறவள இடிச்சிக்கிட்டே இருப்பா"
என்றார் சென்றாயன், முதல்நாளே.
அதில் பிழையில்லை.
அமுதவல்லி சோத்தாங்கையால் பொறுக்குகிறாள்,
நான் பீச்சாங்கையால்.
எங்கள் இருவருக்கும் நடுவே
வேலையில்லாத இரண்டு கைகள்
பக்கத்து வீட்டுக்காரர்கள்போல் சும்மா கிடக்கின்றன.

வெள்ளைக்குள் வெள்ளையைத் தேடுவது என் பிழைப்பு.
கறைபட்டது, துளைபட்டது,
அமுக்கினால் அமுங்கிவிடுவது,
பிறகு இரட்டை:
இரண்டு புழுக்கள் ஒரே அவசரத்தில்
ஒரே கூட்டைக் கட்டிக்கொண்டது.
இழை குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருக்கும்,
ஒற்றை நூலாக உருவ வராது.
அதைத் தனிக் கூடையில் போடவேண்டும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்றால்
சொல்லத் தெரியாது.
கை போன பிறகுதான்
கண் முன்னமே போயிருந்தது தெரியவரும்.

மாசியில் வந்தாள் ரெஹானா, ஆராய்ச்சி மாணவி.
ஒரு மடிக்கணினி,
முகவாயை வைக்க ஒரு மரக்கட்டை.
திரை நடுவே புள்ளி.
"புள்ளியவே பாருங்கக்கா, கண்ண நகத்தக் கூடாது."
இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ
கூடுகள் மின்னி மறையும்.
இரட்டை இருந்தால் பொத்தானை அமுக்கவேண்டும்,
கொஞ்சநேரம் இந்தக் கையால், கொஞ்சநேரம் அந்தக் கையால்.

டீ குடிக்கும்போது விளக்கினாள்.
இடப்புறம் தெரிவது வலமூளைக்குப் போகுமாம்,
வலப்புறம் தெரிவது இடமூளைக்கு.
கைகளுக்கும் அதே குறுக்குக் கயிறு.
பேச்சு முக்கால்வாசிப் பேருக்கு இடமூளையில் குடியிருக்கும்,
நொட்டாங்கைக்காரர் சிலருக்கு மட்டும்
வீடு மாறியிருக்கும்.
"உங்களுக்கு எந்தப் பக்கமோ?"
என் மாமியாரைக் கேட்டால்
இரண்டு பக்கமும் என்பார்.

பங்குனியில் கணக்கோடு திரும்பிவந்தாள்.
இடப்பக்கத்து இரட்டையை
நான் முந்திப் பிடிப்பேன் என்று நினைத்திருந்தாளாம்.
இல்லை. அங்கேதான் தாமதம்,
இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கு.
"உங்க கைய வச்சு இத வெளக்க முடியலக்கா."

கூட்டிப்போய் என் முக்காலியில் உட்காரவைத்தேன்.
இடப்பக்கம் திரும்பிப் பார் என்றேன்.
சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்,
கரியில் யாரோ எழுதிய கரண்ட் பில் தொகை,
பல்லி, அதுவும் எப்போதாவது.
பதினோரு வருடமாக
அந்தத் திசையிலிருந்து எனக்கு எதுவும் வந்ததில்லை.
தட்டு வலமிருந்து வரும்.
கூலி வலமிருந்து.
சென்றாயன் அதட்டலும் வலமிருந்துதான்.

நெடுநேரம் எழுதினாள்.
பிறகு பேனாவை மூடி,
"செவுத்த நான் கணக்குலயே எடுக்கலக்கா" என்றாள்.

மறுநாள் அமுதவல்லியோடு இடம் மாற்றிக்கொண்டேன்.
முழங்கையும் முழங்கையும் இடித்தன.
அவள் திட்டினாள், நான் சிரித்தேன்.
அவள் தாண்டிவிட்ட ஒன்று
என் இடப்பக்கத்தில், தட்டின் ஓரத்தில் கிடந்தது.
தாமதமாகத்தான் பார்த்தேன்.
பார்த்தேன்.

கொஞ்சம் பருத்து, முனை மழுங்கி.
காதருகே ஆட்டினால்
உள்ளே இரண்டு தனித்தனியாக உருண்டன.
ஒரே கூரை. ஓர் இழை இந்தப் பக்கம் கிளம்பி
அந்தப் பக்கத்து வேலையைப் பார்க்கிறது.
யார் சுற்றியது எது என்று
எந்தக் கொதிநீரும் பிரித்துச் சொல்லாது.

என் மண்டையை இந்தத் தட்டில் கொட்டியிருந்தால்
நானே கழித்துக் கட்டியிருப்பேன்.

கூடைக்கு நீட்டிய கையை
அமுதவல்லியின் கை தட்டிவிட்டது.
விழுந்து மேசைக்கடியில் உருண்டது கூடு.
குனிந்தோம்,
அவள் அந்தப் பக்கமிருந்து, நான் இந்தப் பக்கமிருந்து.
நல்ல இருட்டு.
"கெடச்சுதா?" என்றாள்.
"உனக்கு?" என்றேன்.